மறுவேர்

தயிர்சாதத்தில் முடி கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டு மேற்கொண்டு சாப்பிடுகிற ரகம் உமையாள். ஹாஸ்டலில் வளர்ந்த வயிறு அது. அதற்கெல்லாம் முகம் சுளித்திருந்தால் படிப்பு முடிவதற்குள் எலும்பும் தோலுமாக வீடு திரும்பியிருப்பாள். ஆனால் அன்று கம்பெனி கேன்டீனில் அவள் டிபன் டப்பாவில் கிடந்த முடி நகர்ந்தது.

மின்விசிறிக் காற்றாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் விசிறி ஓடவில்லை. முடியின் அடியிலிருந்த வெள்ளைக் குமிழ் தயிரை நத்தை மாதிரி அளைந்துகொண்டு, சாதத்தில் பதிந்திருந்த அவள் சுண்டுவிரலைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. உமையாள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். வாயிலிருந்த கவளத்தை விழுங்கவும் மனசில்லை, துப்பவும் இடமில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த நகுலன் சிரித்தார். குழலினி கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர் அவர். அந்த முடியை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"பயப்படாதீங்க மேடம். உங்க தலையில இருந்து விழுந்ததுதான். திரும்ப வீட்டுக்குப் போகப் பார்க்குது."

"வாய்க்குள்ள போயிருந்தா?"

"வயித்து அமிலத்துல செத்துடும். நீங்கதானே பார்த்துட்டு ஓகே சொன்னீங்க."

உண்மைதான். குழலினி மறுவேர் தைலத்துக்குப் பாதுகாப்புச் சான்று கொடுத்தவள் உமையாள். சாதாரணமாக உதிர்ந்த முடியின் வேர்க்குமிழ் சீக்கிரமே செத்துப்போகும். மறுவேர் தடவிய முடியின் குமிழ் சாகாது. சூடும் ஈரமும் இருக்கிற பக்கம் ஊர்ந்து போய், தோலில் துளை பார்த்து இறங்கிக்கொள்ளும். தலையணையில் விழுந்தது விடிவதற்குள் தலைக்கு ஏறிவிடும். "உதிர்ந்தது வீடு திரும்பும்" என்று ஒரு நடிகை கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு விளம்பரத்தில் சொன்னாள். ஊரே அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்கியது.

உமையாளும் வாங்கினாள். தைராய்டு வந்து வகிடு அகன்று போயிருந்தவளுக்கு இப்போது கைக்கு அடங்காத பின்னல். தூக்கத்தில் பிடரியோரம் ஏதோ ஊர்வது போலிருக்கும். ஆரம்பத்தில் உடம்பு கூசியது, அப்புறம் பழகிவிட்டது. அழகு என்று வந்துவிட்டால் மனிதர்கள் எதற்குத்தான் பழக மாட்டார்கள்.

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. மேஜைக்குத் திரும்பி, வாடிக்கையாளர் புகார்களின் குரல் பதிவுகளைக் கேட்கத் தொடங்கினாள். பொருளை வாங்காதவர் பேசினால் அந்தப் புகாரை இயந்திரமே மூடிவிடும். அப்படி மூடிப்போன ஒன்றைக் கை தவறித்தான் திறந்தாள்.

"அலோ சார், ஆரணிப் பக்கம் மேலத்தாங்கல்ல இருந்து பேசுறேன். பேரு பிரமிளா. உங்க எண்ணெய நான் வாங்கினதே இல்ல சார். நாங்க சிக்குமுடி பிரிக்கிற வேல. உங்க எண்ண வாசன அடிக்கிற முடி மட்டும் கையில ஒட்டிக்கினு வளருது. பிடுங்கினா ரத்தம் வருது. இன்னா பண்றதுன்னு சொல்லுங்க சார். எனக்குக் கைக்கொழந்த கீது."

உமையாள் அதை மறுபடி கேட்டாள். பிறகு மறுநாளைக்கு விடுப்பு சொல்லிவிட்டு, கம்பெனிக்குத் தெரியாமல் ஆரணி பஸ் ஏறினாள்.

மேலத்தாங்கலில் தகரக் கொட்டகை ஒன்றில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு முடிப்பந்து. ஊரெல்லாம் சீப்பில் வருகிற முடியைத் தெருத்தெருவாக வாங்கி வருகிற வியாபாரிகள் மூட்டை மூட்டையாக இங்கே கொண்டுவந்து கொட்டுவார்கள். இவர்கள் ஊசியால் சிக்கெடுத்து, இழை இழையாகப் பிரித்து, நீளவாரியாக அடுக்கிக் கட்டுவார்கள். விக் செய்கிறவர்களுக்குப் போகும். தூசி பறக்காமல் இருக்க அடிக்கடி தண்ணீர் தெளித்துக்கொள்கிறார்கள். யாரோ எப்போதோ தலையில் வைத்த பூவின் நாற்றமும், எண்ணெய்ச் சிக்கும், ஊறிப்போன பொடுகும் சேர்ந்து அங்கே ஒரு வாடை. அதற்கு மேலே வெட்டிவேர் வாசனை. மறுவேருக்கு அந்த வாசனையைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் உமையாளும் இருந்தாள்.

பிரமிளா இளம்பெண். வாசற்பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளிலும் பால் பாக்கெட் கவரை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள்.

"கம்பெனியில இருந்தா வந்திருக்கீங்க? நெசமாவா? யாரும் வர மாட்டாங்கன்னு எங்க அத்த சொன்னாங்க."

"கையைக் காட்டும்மா."

கவரை உருவினாள். உமையாள் பார்த்த மாத்திரத்தில் ஒரு அடி பின்னால் போனாள். உள்ளங்கை முழுக்க முடி. விரலிடுக்கில், நகக்கண்ணில், ரேகைகளின் பள்ளத்தில், கறுப்பும் நரையும் மருதாணிச் செம்பட்டையுமாக. ஒன்று சுருள், ஒன்று கோரை. ஒன்றுக்குச் சாயம் பாதியில் நின்று அடியில் வெள்ளை தெரிந்தது. ஒரே கையில் ஒரு தெருவே வளர்ந்துகொண்டிருந்தது.

"தினம் காலையில பிளேடு போட்டு வழிப்பேன் மேடம். சாயங்காலத்துக்குள்ள குத்தும். சோத்தப் பெசஞ்சா முடியெல்லாம் கொழம்பாய்டுது. ஸ்பூன்லதான் சாப்புடறேன். எவ தலையோ, எவ பேனு பார்த்த முடியோ, என் கையில வந்து குந்திக்கினு கீது. என் ரத்தத்தக் குடிச்சிக்கினு வளருது. நெனச்சாலே கொமட்டுது."

"கையில மட்டும்தானா?"

பிரமிளா சற்றுத் தயங்கி நாக்கை நீட்டினாள். ஓரத்தில் இரண்டு முடி. ஊசியில் சிக்கின இழையைப் பல்லால் கடித்து இழுப்பது அவர்கள் வேலை செய்கிற முறை. உமையாள் கொட்டகைக்கு வெளியே ஓடிப் போய், காலையில் குடித்த காபியை வாந்தியெடுத்தாள்.

திரும்பி வந்தபோது, எதிர்வீட்டு வாசலில் ஒரு வயதான அம்மாள் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். குழந்தை பிரமிளாவைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தது. பிரமிளா எழுந்து கொட்டகையின் பின்பக்கம் போய் மறைவாக நின்றுகொண்டாள். அழுகை தெரு முழுக்கக் கேட்டது.

"தருணு," என்றாள். "எம் புள்ள. அவனத் தூக்கறதே இல்ல மேடம். ஒரு நாள் தூக்கிட்டு எறக்கி வுட்டேன். பார்த்தா கழுத்து மடிப்புல ஒண்ணு எறங்கிக்கினு கீது. பிடுங்கினேன், ரத்தம் வந்துச்சி. அவன் கத்தின கத்து இன்னும் காதுல கீது. அதுக்கப்பறம் தொடல. பால் மறக்கடிச்சாச்சி. அவன் தூங்கும்போது மட்டும் தூர நின்னு பார்ப்பேன்."

உமையாளின் பார்வை மூட்டைகள் பக்கம் போனது. அவிழ்த்து வைத்த மூட்டையில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவர்கள், ஒவ்வொன்றிலும் ஈரம் கோத்த முடிச்சுருள்.

அவள் வீட்டிலும் பாத்ரூம் ஜன்னல் கம்பியில் அதே மாதிரி ஒரு கவர் தொங்குகிறது. சீப்பில் வந்ததை விரலில் சுற்றி உருட்டி அதில் செருகிவிடுவாள். முடி வாங்குகிறவர் வண்டியில் வந்தால் வேலைக்காரம்மாள் அதைக் கொடுத்து ஒரு டப்பாவோ முறமோ வாங்கிக்கொள்வாள். மறுவேரின் பாதுகாப்புக் கூட்டத்தில், "தலைக்குத் திரும்பாத முடி எங்கே போகும்?" என்று அவளேதான் கேட்டாள். நகுலன், "குப்பைத்தொட்டிக்கு" என்றார். மேஜையைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். காய்ந்த குப்பைத்தொட்டியில் போட்டுச் சோதித்தார்கள், குமிழெல்லாம் மறுநாளே செத்திருந்தது. அந்தத் தலைகள் ஒவ்வொன்றின் வீட்டிலும் பாத்ரூம் ஜன்னலில் ஒரு கவர் இருந்திருக்கும். ஏசி அறையில், கோட்டுப் போட்ட ஆட்களுக்கு நடுவில், உதிர்ந்த முடியைச் சேர்த்து வைத்துப் பிளாஸ்டிக் டப்பா வாங்குகிறோம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வெட்கம். ஈரமான கவருக்குள் குமிழ் எத்தனை வாரமும் உயிரோடு கிடக்கும் என்பது அதனால் சோதனைக்கே வரவில்லை.

"இதுக்கு மருந்து இருக்கு பிரமிளா," என்றாள். "எங்க லேப்ல இருக்கு. நான் கொண்டுவந்து தர்றேன்."

"நெசமா சொல்றீங்களா மேடம்?"

"நெசமாத்தான்."

குழலினியின் முதலாளி கோதண்டபாணிக்கு வழுக்கை. முடித் தைலம் விற்று மாளிகை கட்டியவர் தலையில் விளக்கு வெளிச்சம் பட்டுத் தெறிக்கும். மறுவேர் உதிர்ந்ததைத்தான் திருப்பும், உதிர ஒன்றுமில்லாதவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறவர்கள் உண்டு, அது அவருக்கும் தெரியும்.

உமையாள் மேலத்தாங்கலில் எடுத்து வந்த படங்களைக் காட்டினாள். அவர் முகம் சுளிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு நம்ம தைலம் போடறவ இல்லையே?"

"இல்ல சார். தொட்டதே இல்ல."

"அப்போ எல்லாம் மத்தவங்க முடி."

"ஆமா சார். யார் யாரோட முடியோ."

"உடம்பு ஒத்துக்கிச்சா? சீழ், வீக்கம், காய்ச்சல்?"

"அதெல்லாம் இல்ல. ஆனா சார், அவங்க குழந்தையைத் தொட முடியாம இருக்காங்க."

கோதண்டபாணி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கண்ணில் ஏதோ கலங்கின மாதிரி இருந்தது. "ரொம்பப் பாவம்மா. நீங்க ஒண்ணு பண்ணுங்க. பார்த்ததை ஒண்ணு விடாம எழுதிக் குடுங்க. எங்கெங்க முளைச்சிருக்கு, எவ்வளவு வேகமா வளருது, எல்லாம். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"விற்பனையை நிறுத்தணும் சார். லேப்ல குமிழைக் கொல்ற திரவம் இருக்கே, அதை அந்த ஊருக்கு அனுப்பணும்."

"நானே அனுப்பறேன்."

உமையாள் நம்பினாள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு முதலாளி என்று வீட்டில் போய்ச் சொல்லவும் செய்தாள். மேலத்தாங்கலுக்கு இன்னும் இரண்டு தடவை போய், பிரமிளாவின் கையை அளந்து, படமெடுத்து, உண்மையை உண்மையாக எழுதிக் கொடுத்தாள். பிறர் முடி எந்தத் தடையுமின்றி வேரூன்றுகிறது என்று எழுதினாள். தலையில் வளர்வதைவிட உள்ளங்கையில் வேகமாக வளர்கிறது என்றும் எழுதினாள். ஆபத்து எவ்வளவு பெரியது என்று தெரியட்டும் என்றுதான் அவ்வளவு விவரம். பாத்ரூம் கவரை எடுத்துத் தீவைத்தாள். தைலப் பாட்டிலையும் கையில் எடுத்தாள், கண்ணாடியில் பின்னலைப் பார்த்தாள், பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

விற்பனை நிற்கவில்லை. கேட்டபோதெல்லாம் "வேலை நடக்குது" என்றார்கள். மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு காலையில் எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்தார்கள். கோதண்டபாணி உள்ளே வந்தார். அவர் தலை நிறைய முடி.

அறை கைதட்டியது. அவர் நேரே உமையாளிடம் வந்து குனிந்தார்.

"தொட்டுப் பாருங்க மேடம். கூச்சப்படாதீங்க. இதுக்குக் காரணமே நீங்கதான்."

உமையாள் தொடவில்லை. நெற்றிக்கு மேலே கறுப்போடு கறுப்பாக ஒரு சுருள், ஒரு கோரை, பாதிச் சாயத்தோடு ஒன்று.

"இது யார் முடி சார்?"

"யார் யாரோட முடியோ. விழுந்தா திரும்பி வரும், பிடுங்கினாத்தான் போகும். வேறொருத்தர் முடி இன்னொருத்தர் உடம்புல நிக்குமான்னு நகுலன் எத்தனை வருஷமா தவிச்சுக்கிட்டு இருந்தார். மனுஷங்க மேல சோதிக்க அனுமதி கிடைக்கல. சோதனை தானா நடந்து முடிஞ்சு ஆரணிப் பக்கம் உட்கார்ந்திருக்குன்னு நீங்க வந்து சொன்னீங்க. அவங்க கையில வளர்ந்ததை வேரோட எடுத்து அப்படியே என் தலையில நட்டாச்சு. நாட்டுல எத்தனை வழுக்கை இருக்கு, யோசிச்சுப் பாருங்க."

"அந்தப் பொம்பளைங்க?"

"வேலை குடுத்திருக்கேன். சிக்கெடுக்கிற கூலியைவிட நல்ல கூலி. கட்டாயம் எதுவும் இல்ல, எல்லாம் அவங்க சம்மதத்தோடதான்."

அவர் தலையைக் கோதிக்கொண்டார். பிரமிளாவின் உள்ளங்கை அவர் மண்டை மேல் கவிழ்ந்திருப்பதாக உமையாளுக்குத் தோன்றியது. குமட்டலை அடக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. பொய் எழுதியிருந்தால் இந்த மனிதர் வழுக்கையாகவே இருந்திருப்பார், பிரமிளாவின் கை யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. தன் மேலேயே அவளுக்கு வந்த அருவருப்பு, அன்றைக்கு அந்த நாக்கைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

நேரே லேபுக்குப் போனாள். அங்கே தரையில் சிந்தின குமிழ்களைத் துடைக்க ஒரு திரவம் வைத்திருப்பார்கள், பேச்சுவழக்கில் முடிகொல்லி. அலமாரியைத் திறந்து ஒரு கேனைத் தூக்கினாள். நகுலன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அது தோல்ல பட்டா அந்த இடத்துல இனிமே எதுவுமே நிக்காது மேடம்," என்றார்.

"அதுக்குத்தான் எடுத்துட்டுப் போறேன்."

அவர் தடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு திரையில் எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்தார்.

மேலத்தாங்கலில் தகரக் கொட்டகை இருந்த இடத்தில் வெள்ளை டைல்ஸ் போட்ட கூடம். வாசலில் குழலினி பண்ணை என்று பெயர்ப்பலகை. உள்ளே பெண்கள் அதே மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இப்போது மடியில் ஒன்றுமில்லை. இரண்டு கைகளையும் முன்னாலிருந்த மேடையில் மல்லாக்க வைத்திருந்தார்கள். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் முடி அடர்ந்து வளர்ந்து மேடைக்குக் கீழே தொங்கியது. ஒரு பெண்ணுக்கு மூக்கில் ஈ உட்கார்ந்தது. அதை விரட்டக் கையை எடுக்கக் கூடாதாம், அவள் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். ஒருவன் வரிசையாக நீர் தெளித்துக்கொண்டு போனான்.

சாப்பாட்டு வேளை வரைக்கும் உமையாள் வெளியே காத்திருந்தாள். பிரமிளா வந்தாள். முடி வழிகிற கைகளை, ஈரத் துணியைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி உடம்பில் படாமல் ஏந்திக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா மேடம். நீங்க சொன்ன மருந்த அவங்களே தருவாங்கன்னு நெனச்சேன். அவங்க வேற ஒண்ணு தந்தாங்க."

"ஏம்மா ஒத்துக்கிட்ட?"

"சிக்கெடுக்கிற வேலைய நிறுத்திட்டாங்க. மூட்டையே வர்றதில்ல. எங்கூட்டுக்காரு லாரியில போனவரு இன்னும் பணம் அனுப்பல. நான் ஒத்துக்காட்டி அத்த, கொழந்த எல்லாரும் இன்னாத்தத் தின்றது?" சொல்லிவிட்டுக் கைகளைப் பார்த்தாள். "தெனம் அரிக்குது மேடம். வேரோட உருவும்போது உசுரு போவுது. தருணு நடக்க ஆரம்பிச்சிட்டான். என்னப் பார்த்தா கிட்ட வர்றதே இல்ல. பயப்படறான்."

உமையாள் கேனைத் திறந்தாள். "இதை ஊத்தினா எல்லாம் போயிடும். திரும்ப முளைக்கவே முளைக்காது. எரியும், பொறுத்துக்கோ. நீ வேலைக்குப் போக வேண்டாம், நான் ஏதாவது ஏற்பாடு பண்றேன்."

என்ன ஏற்பாடு என்று அவளுக்கே தெரியாது. பிரமிளாவும் கேட்கவில்லை. கேனைப் பார்த்தாள், எதிர்வீட்டு வாசலைப் பார்த்தாள். அங்கே தருண் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, தானாகவே கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். பிரமிளா மறுபடி கேனைப் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டினாள்.

"இந்தக் கைக்கு மட்டும் ஊத்துங்க."

"ரெண்டுக்கும் போதுமானது இருக்கு பிரமிளா."

"தெரியுது மேடம். புள்ளைய இடுப்புல தூக்க ஒரு கை போதும். இன்னொரு கை சோத்துக்கு."

உமையாளுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, யார் மேல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஊற்றினாள். பிரமிளா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கறுப்பும் நரையும் செம்பட்டையுமாகக் கொத்துக் கொத்தாக வழுக்கி மண்ணில் விழுந்தது. கீழே கிடந்த குமிழ்கள் கொஞ்ச நேரம் நெளிந்து அடங்கின. உள்ளங்கை துளை துளையாகச் சிவந்து வெளியே வந்தது. அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், தண்ணீரில் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், மறுபடி கழுவினாள்.

பிறகு தெருவைக் கடந்து போனாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டு, குனிந்து, இடது கையால் தருணை அணைத்து இடுப்பில் ஏற்றினாள். அவன் முதலில் முரண்டு பிடித்தான். அவள் கழுத்தில் மூக்கை வைத்து முகர்ந்ததும் அடங்கிவிட்டான். அவள் அவன் தலை உச்சியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

தருண் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, முதுகுப் பக்கம் எட்டி எட்டிப் பார்க்கத் தொடங்கினான். அம்மாவுக்கு இன்னொரு கை உண்டென்று அவனுக்கு ஞாபகம் இருந்தது.